ஈர்ப்பு என்னும் ஊதியமில்லா வேலையாள்

அடுப்பில் ஏற்றிய நீர் கொதிக்கும்போது குமிழிகள் மேலே வருகின்றன. ஆவி மூடியைத் தள்ளிக்கொண்டு எழுகின்றது. கலங்கிய கிணற்று நீரைக் குடத்தில் நிறைத்துச் சற்று நேரம் வைத்தால் மண் அடியிற் படிகின்றது. விளக்கின் சுடர் எத்திசையிற் சாய்த்துப் பிடித்தாலும் மேல்நோக்கியே நிமிர்கின்றது. இவற்றை நாம் நாள்தோறும் காண்கின்றோம். ஆயினும் இவற்றையெல்லாம் செய்து தருவது யார் என்று கேட்பதில்லை.

செய்து தருவது ஒரே வேலையாள்தான். அதன் பெயர் புவியீர்ப்பு. பாரமான நீரை அது கீழே இழுப்பதனால் இலேசான குமிழி மேலே தள்ளப்படுகின்றது. பாரமான குளிர்காற்றை அது கீழே இழுப்பதனால் சூடேறிய காற்று மேலெழுகின்றது. கூலி கேளாது, ஓய்வு கொள்ளாது, நம் அடுக்களையிலும் ஆலையிலும் உழைக்கும் இவ்வேலையாளின் பெருமையை மனிதன் முழுமையாக உணர்ந்தது, அதன் உதவி கிட்டாத இடத்துக்குச் சென்ற பின்னரே. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது பழமொழியன்றோ? விண்வெளியில் மனிதனுக்கு மூச்சும் நீரும் வழங்கும் பொறிகளை எவ்வாறு சோதித்துப் பார்க்கின்றனர் என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

மூச்சுக்கும் தாகத்துக்கும் கணக்கு

ஒரு மனிதனுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.84 கிலோகிராம் ஒட்சிசன் வேண்டும். அவன் வெளிவிடும் காபனீரொட்சைட்டின் நிறை ஏறத்தாழ 1 கிலோகிராம். குடிப்பதற்கும் உணவு ஆக்குவதற்கும் உடலைத் தூய்மை செய்வதற்கும், மிகச் சிக்கனமாகக் கணக்கிட்டாலும், ஏறத்தாழ 4 லீற்றர் நீர் வேண்டும். பூமியில் இக்கணக்கை யாரும் எழுதி வைப்பதில்லை. மரமும் கடலும் மேகமும் அதனைப் பார்த்துக்கொள்கின்றன. விண்கலத்தின் நான்கு சுவர்களுக்குள்ளோ அத்தனையையும் பொறிகளே செய்தாக வேண்டும். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில் பூமியைச் சுற்றிவரும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2000ஆம் ஆண்டு நவம்பர் 2ஆந் திகதி தொடக்கம் மனிதர் இடையறாது வாழ்ந்து வருகின்றனரென்றால், அது இப்பொறிகளின் துணையினாலேயாம்.

ஈண்டு மாணவர் பலர் கொள்ளும் ஒரு மயக்கத்தை அகற்றுதல் நன்று. அந்த உயரத்தில் ஈர்ப்பே இல்லை என்று எண்ணுகின்றனர். அவ்வாறன்று. தரையில் உள்ள ஈர்ப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு அங்கும் உண்டு. ஆயின், நிலையமும் அதனுள் இருக்கும் மனிதரும் நீரும் காற்றும் எல்லாம் ஒன்றாகவே பூமியைச் சுற்றி விழுந்துகொண்டிருக்கின்றன. கயிறறுந்த வாளியும் அதனுள் இருக்கும் நீரும் ஒரே வேகத்தில் கிணற்றுள் விழும்போது, நீர் வாளியின் அடியை அழுத்துவதில்லை அல்லவா? அந்நிலைதான் அங்கு இடையறாது நிலவுகின்றது. ஈர்ப்பு இருந்தும், அது தன் வழக்கமான வேலையைச் செய்வதில்லை.

வேலையாள் இல்லாத வீடு

அந்த வேலையாள் விடுப்பில் நின்றால் என்ன நேரும்? முதலில் மூச்சைப் பார்ப்போம். நாம் விடும் மூச்சுக் காற்று வெப்பமானது. அது மேலெழுந்து செல்ல, புதிய காற்று அவ்விடத்தை நிரப்புகின்றது. விண்வெளி நிலையத்தில் இது நடைபெறாது. காற்று அசையாத மூலையில் ஒருவர் உறங்கினால், அவர் விட்ட மூச்சே அவர் முகத்தைச் சூழ்ந்து நின்று காபனீரொட்சைட்டு மிகுந்த மேகமாகிவிடும். ஆகையால் அங்கு விசிறிகள் இரவும் பகலும் சுழன்றுகொண்டேயிருத்தல் வேண்டும். நம் நாட்டில் விசிறி புழுக்கத்துக்கு. அங்கே அது உயிருக்கு.

அடுத்து ஒட்சிசன். நீரினுள் மின்னோட்டத்தைச் செலுத்தினால் நீர் பிரிந்து ஒட்சிசனும் ஐதரசனும் தோன்றும் என்பதை உயர்தர வகுப்பு மாணவர் அறிவர். பாடசாலை ஆய்கூடத்தில் இரு வாயுக்களும் குமிழிகளாக எழுந்து குழாய்களின் மேற்பகுதியில் தாமாகவே சேர்கின்றன. எடையற்ற நிலையிலோ குமிழி எழுவதில்லை. அது தோன்றிய மின்வாயிலேயே ஒட்டிக்கொண்டு பருத்து, மின்வாயை நீரிலிருந்து மறைத்துவிடக்கூடும். ஆதலால் நீரையும் வாயுவையும் பிரிப்பதற்கென்றே தனிப் பொறிகள் அமைக்க வேண்டியுள்ளது.

நெருப்பின் நிலையும் இதுவே. மெழுகுதிரியின் சுடர் அங்கு நீண்டு நிற்பதில்லை; நீலநிறமான சிறு உருண்டையாகத் திரியைச் சூழ்ந்து மங்கி எரிகின்றது. சூடான வாயு மேலே போகாமையால் புதிய ஒட்சிசன் மெல்ல மெல்லவே பரவி வந்து சேர்கின்றது. தீப்பற்றினால் முதலில் விசிறிகளை நிறுத்த வேண்டும் என்பது நிலையத்தின் விதி. உயிர் காக்கும் விசிறியே தீயையும் வளர்ப்பது எத்துணை விந்தை!

விழுந்து விழுந்து கற்ற பாடம்

இத்தகைய பொறியொன்றைச் செய்பவர், அதனை மேலே அனுப்புவதற்கு முன்னரே எடையற்ற நிலையில் இயக்கிப் பார்க்க விரும்புவார். பூமியில் இருந்துகொண்டு அந்நிலையைப் பெற ஒரே வழி விழுவதுதான்.

ஐக்கிய அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் நாசா நிறுவனத்துக்கு ஓர் ஆழ்ந்த குழி உண்டு. காற்று அகற்றப்பட்ட அக்குழியில் 132 மீற்றர் தூரம் ஒரு கூண்டை விழவிட்டால் 5.18 செக்கன் நேரம் எடையற்ற நிலை கிடைக்கும். ஜெர்மனியின் பிரேமன் நகரில் உள்ள கோபுரத்தில் 110 மீற்றர் விழுச்சி உண்டு. கூண்டை அடியிலிருந்து மேலே எறிந்து, ஏறும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்வதனால் அங்கு 9 செக்கனுக்கு மேற்பட்ட நேரம் கிடைக்கின்றது.

மனிதரையும் உடன் கொண்டுசெல்ல வேண்டுமாயின் விமானமே வழி. எறிந்த பந்து செல்லும் பரவளைவுப் பாதையில் ஒரு விமானத்தைச் செலுத்தினால் அதனுள் இருப்போர் எடையிழப்பர் என்னும் யோசனையை 1950ஆம் ஆண்டில் பிரிட்ஸ் ஹாபர், ஹைன்ஸ் ஹாபர் என்னும் சகோதரர் இருவர் வெளியிட்டனர். ஒவ்வொரு வளைவிலும் 20 செக்கனுக்குச் சற்று மேற்பட்ட நேரம் எடையற்ற நிலை கிடைக்கும். அதற்கு முன்னும் பின்னும் உடலின் பாரம் இருமடங்கை அண்மிக்கும். ஒரே பயணத்தில் இவ்வாறு 30 முறைக்கு மேல் ஏறி இறங்குவதனால் பலருக்குக் குமட்டல் உண்டாகின்றது. நாசாவின் இத்தகைய விமானத்தை ‘வாந்தி வால்வெள்ளி’ என்று விளையாட்டாக அழைத்ததில் வியப்பில்லை. விமானத்தின் பாதையைச் சிறிது மாற்றினால் சந்திரனின் ஈர்ப்பையோ செவ்வாயின் ஈர்ப்பையோ அதே முறையிற் பெறலாம்.

குமிழி எவ்வாறு நகரும், நீர் எவ்வாறு ஒட்டும் என்பவற்றை அறிய இருபது செக்கன் போதும். ஆயின் ஒரு பொறி ஓராண்டு பழுதின்றி ஓடுமா என்பதை அறிய அது போதாது. அதற்கு அங்கேயே கொண்டுபோய் வைத்துப் பார்ப்பதையன்றி வேறு வழியில்லை. அவ்வாறு வைத்துப் பார்த்த ஒரு பொறியின் வரலாறு, மாணவர் அனைவரும் அறியத்தக்கதென நாம் கருதுகின்றோம்.

எலும்பு எழுதிய விடை

2008ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் எண்டெவர் விண்ணோடம் நீரை மீட்கும் தொகுதியொன்றை விண்வெளி நிலையத்துக்குக் கொண்டு சென்றது. அதன் முக்கிய பகுதி, சிறுநீரைக் காய்ச்சி வடித்து நீரைப் பிரித்தெடுக்கும் பொறி. கேட்ட மாத்திரத்தில் முகஞ் சுளிப்போர் உளர். ஆனால் நாம் குடிக்கும் மழைநீரும் எத்தனையோ உயிர்களின் உடலினூடே சென்று, கதிரவனால் வடிக்கப்பட்டு, மேகமாகி மீண்டதே என்பதை அவர்கள் நினைத்தல் வேண்டும். இயற்கை பெரிய அளவிற் செய்வதை இப்பொறி சிறிய அளவிற் செய்கின்றது.

வீட்டுப் பானையில் நீரும் ஆவியும் தாமாகப் பிரியும். எடையற்ற நிலையில் அவை கலந்து நுரையாகிவிடும். ஆகவே, கொதிகலனைச் சுழலும் உருளையாக அமைத்தனர். சுழற்சியினால் திரவம் சுவரோடு ஒட்டிக்கொள்ள, ஆவி நடுவே தேங்கும். விடுப்பில் நின்ற வேலையாளுக்குப் பதிலாக ஒரு கூலியாளை அமர்த்தியதாகக் கொள்ளலாம். இத்தகைய வடிபொறியின் மாதிரியொன்று 2003ஆம் ஆண்டு ஜனவரியில் கொலம்பியா விண்ணோடத்தில் ஏற்றப்பட்டிருந்தது. அவ்வோடம் திரும்பும் வழியில், பெப்ரவரி 1ஆந் திகதி, எழுவரோடும் சிதறி அழிந்தமை உலகறிந்த துயரம்.

2008இல் நிலையத்தில் பொருத்தப்பட்ட பொறி ஆரம்பத்திலேயே தொல்லை கொடுத்தது. சில மணி நேரம் ஓடியபின் நின்றுவிடும். அதிர்வைத் தாங்க இடப்பட்டிருந்த ரப்பர்த் தாங்கிகளை அகற்றி, உருளையை நேராகவே திருகிப் பொருத்திய பின்னர் அது ஓடத் தொடங்கியது. 2009ஆம் ஆண்டு மே மாதம் 20ஆந் திகதி, ருஷ்யரான கென்னடி படால்கா, அமெரிக்கரான மைக்கேல் பரட், ஜப்பானியரான கோய்ச்சி வக்காட்டா ஆகிய மூவரும் மீட்ட நீரை முதன்முறையாக அங்கு அருந்தினர்.

ஆயின் அவ்வாண்டின் பிற்பகுதியில் வடிபொறி மீண்டும் பழுதுற்றது. இம்முறை திருகாணியால் தீர்க்கக்கூடிய பழுது அன்று. பூமிக்குக் கொண்டுவந்து ஆராய்ந்தபோது உள்ளே வெண்ணிறப் படிவு கெட்டியாக அடைத்திருந்தது. அது கல்சியம் சல்பேற்று. சாதாரண வழக்கில் ஜிப்சம். கரும்பலகையில் எழுதும் சோக்குக்கட்டிகள் பலவும் இப்பொருளாற் செய்யப்பட்டனவே.

சோக்கு அங்கே எவ்வாறு வந்தது? சல்பேற்று வந்த வழி எளிதிற் புலப்பட்டது. சிறுநீர் கெடாதிருக்கும்பொருட்டு அதனோடு சல்பூரிக்கமிலத்தைச் சேர்த்திருந்தனர். கல்சியத்தின் வரலாறுதான் விந்தையானது. நம் கால் எலும்பும் இடுப்பெலும்பும் உடலின் பாரத்தைச் சுமப்பதனாலேயே உறுதி பெறுகின்றன. பாரமற்ற நிலையில் உடல், ‘இனி இவ்வளவு எலும்பு வேண்டியதில்லை’ என்று தீர்மானித்ததுபோல், அதனைக் கரைக்கத் தொடங்குகின்றது. மாதமொன்றுக்கு நூற்றுக்கு ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு வரை அவ்வெலும்புகளின் செறிவு குறையும். கரைந்த கல்சியம் சிறுநீருடன் வெளியேறுகின்றது. தரையிற் பொறியைச் சோதித்தவர்கள் தரையில் வாழும் மனிதரின் சிறுநீரைக் கொண்டே சோதித்தனர். அதில் அத்தனை கல்சியம் இருக்கவில்லை.

இதனை ஆழ்ந்து சிந்தித்தல் வேண்டும். ஈர்ப்பின்மை குமிழிக்கும் நீருக்கும் என்ன செய்யும் என்பதைப் பொறியியலாளர் நன்கு ஆராய்ந்திருந்தனர்; அதற்கெனவே உருளையைச் சுழலச் செய்தனர். ஆயின் ஈர்ப்பின்மை பொறியின் வாயிலால் மட்டும் வரவில்லை. மனிதனின் எலும்பின் வழியாகவும் வந்தது. பொறியும் மனிதனும் இருவேறு பொருள்களல்லர். ஒரே சுழற்சியின் இரு பாதிகள். இரண்டையும் சேர்த்து, அந்நிலையிலேயே, நெடுங்காலம் சோதித்தாலன்றி உண்மை புலப்படாது.

சிறுநீரில் நூற்றுக்கு 85 பங்கை நீராக மீட்பதற்கென அமைக்கப்பட்ட பொறியை, அடைப்பு நேராதிருக்க, நூற்றுக்கு 70 முதல் 75 வரையில் நிறுத்த வேண்டியதாயிற்று. பின்னர்ச் சல்பூரிக்கமிலத்துக்குப் பதிலாகப் பொசுபோரிக்கமிலம் கையாளப்பட்டது. இழந்த அளவு மீட்கப்பட்டது. எஞ்சும் உப்புக் கழிவிலிருந்தும், மென்சவ்வையும் வெப்பக் காற்றையும் கொண்டு, ஈரத்தைப் பிரித்தெடுக்கும் கருவி 2021இல் சேர்க்கப்பட்டது. மூச்சிலும் வியர்வையிலும் கலந்த ஈரமும் ஏனையவும் சேர, நிலையத்தின் நீரில் நூற்றுக்கு 98 பங்கு மீட்கப்படுவதாக 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நாசா அறிவித்தது. பொறி சென்ற நாளிலிருந்து இது பதினான்கு ஆண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பு.

தலைக்கவசத்துள் ஒரு குளம்

சிறிய பழுதும் எத்துணைப் பெரிய ஆபத்தாகலாம் என்பதற்கு வேறொரு சம்பவத்தையும் கூறல் தகும். 2013ஆம் ஆண்டு ஜூலை 16ஆந் திகதி இத்தாலிய விண்வெளி வீரர் லூக்கா பார்மிட்டானோ நிலையத்துக்கு வெளியே வேலை செய்துகொண்டிருந்தார். அவர் தலைக்குப் பின்னால் நீர் கசிந்தது. பூமியில் அது கழுத்து வழியே கீழே வழிந்திருக்கும். அங்கு அதற்கு ‘கீழ்’ என்பதில்லை. அது தலையைப் பற்றிக்கொண்டு காதையும் கண்ணையும் மூக்கையும் மூடியது. சூரியனும் மறைந்த வேளையில், பார்வை மங்கி, தம்மைப் பிணைத்திருந்த கம்பியைத் தடவிய வண்ணம் அவர் வாயிலை வந்தடைந்தார். நீரினுள் அல்லாது வெளியின் நடுவே ஒருவர் மூழ்கும் நிலைக்கு வந்தார்! கவசத்தில் நீரையும் காற்றையும் பிரிக்கும் பகுதியின் நுண்துளைகளை மாசு அடைத்துக்கொண்டமையே காரணமென்று ஆராய்ச்சி கூறியது. அதற்கு ஒரு வாரம் முன்னர் அதே கவசத்தில் நீர் காணப்பட்டபோது, குடிநீர்ப் பையின் கசிவென்று கருதி விட்டிருந்தனர். பின்னர் நீரை உறிஞ்சும் திண்டும் மூச்சுக் குழாயும் கவசங்களிற் சேர்க்கப்பட்டன.

ஆறிலொரு பங்கு

‘சந்திரனில் ஈர்ப்பு உண்டே, அங்கு இத்தொல்லைகள் ஆறிலொரு பங்காகக் குறையுமா அல்லது ஆறில் ஐந்து பங்காக நிற்குமா?’ என்று மாணவர் கேட்கலாம். இயற்கை இவ்வாறு எளிய வகுத்தற் கணக்காக நடப்பதில்லை. தீயை எடுத்துக்கொள்வோம். பூமியில் எழும் காற்றோட்டம் தீக்கு ஒட்சிசனை ஊட்டுகின்றது. மிகும்போது வெப்பத்தை அடித்துச் சென்று சுடரை அணைக்கவும் செய்கின்றது. எடையற்ற நிலையில் ஓட்டமே இல்லை. சந்திரனிலோ, ஒட்சிசனை ஊட்டப் போதுமான, ஆனால் சுடரை அணைக்கப் போதாத மெல்லிய ஓட்டம் உண்டு. கிளீவ்லாந்துக் குழியில் விழும் கூண்டினுள் ஒரு சுழல் கருவியை வைத்துச் சந்திர ஈர்ப்பை உண்டாக்கிப் பரிசோதித்தபோது, சில பொருள்கள் பூமியில் அணைந்துபோகும் அளவு குறைந்த ஒட்சிசனிலும் அந்த ஈர்ப்பில் எரிந்தன. தரையில் தேறிய துணி சந்திரனில் தேறாமற் போகலாம்.

ஐந்து செக்கனில் கண்டதை உறுதிப்படுத்த நீண்ட நேரம் வேண்டும். 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலிருந்து புளூ ஒரிஜின் நிறுவனத்தின் ரொக்கற் ஒன்று ஆளின்றி மேலே சென்றது. அதன் கூண்டை நிமிடத்துக்கு ஏறத்தாழ 11 முறை சுழலச் செய்து, ஏறத்தாழ 2 நிமிட நேரம் உள்ளே சந்திர ஈர்ப்பை உண்டாக்கினர். 30 பரிசோதனைப் பொதிகளை ஏற்றிச் சென்ற அக்கூண்டில் தீயைப் பற்றிய ஆராய்ச்சியும் ஒன்று. ஐந்து செக்கன் இரண்டு நிமிடமாயிற்று. எனினும் சந்திரனில் ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டிய பொறிக்கு இதுவும் முன்னுரையே.

செவ்வாயின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு 38 பங்கு. ஆனால் அங்கு போகும் வழியில் ஆறு முதல் ஒன்பது மாதங்கள் எடையற்ற நிலையிலேயே கழிய வேண்டும். ஒரே பொறி, பூமியில் பொருத்தப்பட்டு, வழியில் எடையிழந்து, சென்ற இடத்தில் மூன்றாவது ஈர்ப்பில் இயங்க வேண்டும். 2009இல் வடிபொறி அடைபட்டபோது வேறு நீர் கையிருப்பில் இருந்தது. பழுதான பகுதியை 400 கிலோமீற்றர் கீழே கொண்டுவந்து ஆராய முடிந்தது. புதிய பகுதியை அனுப்ப முடிந்தது. செவ்வாய் வழியில் அத்தகைய அடைப்பு நேர்ந்திருந்தால் அது ஒரு பாடமாக அன்றி ஒரு முடிவாகவே இருந்திருக்கும். அருகிலேயே தோற்றுப் பார்த்தல் எத்துணை அவசியம் என்பது இதனாற் புலனாகும்.

இதைப் படிக்கும் மாணவர்களுக்கு நாம் ஒரு சிறு பயிற்சி தர விரும்புகின்றோம். இன்று மாலை அடுக்களையில் அன்னையார் தேநீர் தயாரிக்கும்போது அருகே நின்று கவனியுங்கள். நீர் குவளையில் தங்குவது, கொதியின் குமிழி எழுவது, தேயிலை அடியிற் படிவது, வடிகட்டியினூடே தேநீர் இறங்குவது, ஆவி மேலே போவது என ஒவ்வொன்றையும் எழுதி, ஈர்ப்பு அதில் என்ன செய்கின்றது என்று எதிரே குறித்துக்கொள்ளுங்கள். பின்னர், ஈர்ப்பு இல்லாவிடின் அவ்வேலையை எதனைக் கொண்டு செய்வீர்களென்று சிந்தியுங்கள். சுழலும் உருளையா, விசிறியா, மென்சவ்வா? விண்வெளி நிலையத்துக்குப் பொறி செய்வோர் தம் வேலையைத் தொடங்குவதும் இத்தகைய பட்டியலிலிருந்தே.